ஒலிநாடாவும் ஓர் ஏடே

பழையன பேணுதல் தமிழருக்குப் புதிய பழக்கமன்று. ஆயினும் எந்தப் பழைய பொருள் பேணத்தக்கது, எது குப்பைக்குரியது எனத் தீர்மானிப்பதிலே படித்த தமிழரிடம் நெடுங்காலமாக ஒரு பாரபட்சம் நிலவி வருகின்றது. கல்லில் வெட்டப்பட்டதும் ஓலையில் எழுதப்பட்டதும் தாளில் அச்சேறியதும் அவர்களுக்கு வரலாற்று ஆவணங்கள். ஒலியாகப் பதியப்பட்டதோ வெறும் பொழுதுபோக்கு. இந்தப் பாரபட்சத்தின் விலையை இன்று கொழும்புத் தமிழ்ச் சமூகம் செலுத்திக்கொண்டிருக்கின்றது.

வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலே பழைய வீடுகள் இடிக்கப்பட்டு மாடிக் குடியிருப்புகள் எழுகின்றன. கொட்டாஞ்சேனையிலே முதியோர் கனடாவுக்கும் இலண்டனுக்கும் பிள்ளைகளிடம் போய்ச் சேர்கின்றனர். இத்தகைய ஒவ்வொரு இடப்பெயர்வின்போதும் புத்தக அலுமாரியிலுள்ளவை எங்காவது ஒரு நூலகத்துக்கோ பாடசாலைக்கோ போகின்றன. அலுமாரியின் அடித்தட்டில் இருந்த கசற்றுகளும், கட்டிலின் கீழே கிடந்த இசைத்தட்டுகளும், ஓடாமற்போன ரேப் றெக்கோடரும் பழைய போத்தலும் பத்திரிகையும் வாங்க வருபவரின் சாக்கினுள்ளே போகின்றன. இதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கவலைப்படுவதில்லை. "எல்லாம்தான் கைத்தொலைபேசியில் இருக்கிறதே" என்பது அவரது ஆறுதல். அந்த ஆறுதல் பொய்யானது என்பதையும், பழைய இசைக்கருவிகளை அன்றாட வாழ்விலே பாவித்துப் பேணுவது ஒரு பண்பாட்டுக் கடமை என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓலையும் நாடாவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடிப் புறப்பட்டபோது ஓலைகள் இருந்த நிலை யாவரும் அறிந்ததே. செல்லரித்தவை பாதி, எடுக்கும்போதே ஒடிந்தவை மீதி. ஆடிப் பெருக்கிலே ஆற்றில் விடப்பட்ட ஏடுகளுக்கோ கணக்கில்லை. அவற்றை ஆற்றில் விட்டவர்கள் தமிழ்ப் பகைவர்கள் அல்லர். அச்சுப் புத்தகம் வந்துவிட்டது, இனி ஓலை எதற்கு என்று எண்ணிய நல்லவர்களே அவர்கள். அச்சேறாதவையும் அந்த ஓலைகளுள் இருந்தன என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. 1887 இல் தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார் என்றால், யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் ஏடு எறியப்படாமல் எஞ்சியிருந்தது என்பதே அதன் பொருள்.

இன்றைய ஒலிநாடாவின் கதையும் இதுவே. பாத்திரங்கள் மட்டுமே மாறியுள்ளன. அச்சின் இடத்திலே இணையம் நிற்கின்றது. ஓலையின் இடத்திலே கசற் கிடக்கின்றது. தாமோதரம்பிள்ளையின் பெயரைப் பட்டிமன்றங்களிலே முழங்கும் ஒருவர், தம் தந்தையார் பதிந்து வைத்த நாடாக்களைச் சாக்கினுள்ளே போடுவாராயின், அவர் தாமோதரம்பிள்ளையின் பக்கம் நிற்கவில்லை, ஆற்றங்கரையில் நிற்கின்றார்.

ஓலைக்கும் நாடாவுக்கும் ஒரு வேறுபாடும் உண்டு. ஓலையைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும். நாடாவைக் கேட்கவோ இயங்கும் கருவி வேண்டும். கருவி இறந்தால் நாடா சிதையாமல் இருந்தும் ஊமையாகின்றது. ஆகவே நாடாவைப் பேணுதல் என்பது கருவியைப் பேணுதலையும், கருவியைத் திருத்தும் அறிவைப் பேணுதலையும் உள்ளடக்கியதாகும்.

வீடுகளுக்குள் உறைந்த வரலாறு

இலங்கையின் ஒலிபரப்பு வரலாறே பழைய கருவியொன்றின் மறுபயன்பாட்டிலிருந்து பிறந்தது. 1920களின் முற்பகுதியிலே கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறு அறையொன்றிலிருந்து பரீட்சார்த்தமாக ஒலிபரப்பப்பட்டது கிராமபோன் இசை. கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு தந்தித் திணைக்களப் பொறியியலாளர் அமைத்த கருவியே அதற்கு உதவியது. 1925 டிசம்பர் 16 இல் முறையான சேவை ஆரம்பமாயிற்று. 1950 இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. 1952 இல் இந்தியத் தகவல் அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து திரையிசையை ஒதுக்கிவைத்தபோது, இந்திய நேயர்கள் கொழும்பின் பக்கம் காது திருப்பினர். எஸ். பி. மயில்வாகனமும் அவருக்குப் பின் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலியோரும் தமிழகத்தின் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் அறியப்பட்ட குரல்களாயினர்.

திரைப்பாடல்கள் பிற இடங்களிலும் பதிவாகியிருந்தமையால் அவை அழியவில்லை. இந்த மண்ணுக்கே உரிய ஒலிகளின் நிலை வேறு. சானாவின் "லண்டன் கந்தையா", சில்லையூர் செல்வராசனின் "தணியாத தாகம்" போன்ற வானொலி நாடகங்கள் ஒருகாலத்தில் ஊரையே வானொலிப் பெட்டியருகே கூட்டின. எஸ். ராமதாஸின் "கோமாளிகள் கும்மாளம்" பெற்ற வரவேற்பே 1976 இல் "கோமாளிகள்" என்னும் திரைப்படமாயிற்று. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப் பாடல்கள் சிறு இசைத்தட்டுகளிலும் பின்னர் கசற்றுகளிலும் பரவின. நாடகத்தின் எழுத்துப் பிரதி கிடைத்தாலும் நடிகரின் குரலும், ஈழத்துப் பேச்சுத் தமிழின் ஏற்ற இறக்கமும், அக்கால அறிவிப்பாளரின் நிறுத்தற் பாங்கும் எழுத்தில் அடங்கா.

இசையில் இது மேலும் தெளிவாகும். 1975 இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதலாம். அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஆவணப்படமும் எடுத்துள்ளார். ஆனால் கோயில் வீதியிலே அவர் வாசித்த ஒரு தனியாவர்த்தனத்தின் கனத்தை அறிய ஒலிப்பதிவைத் தவிர வேறு சான்று எது? கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் கோயில் திருவிழா மேளத்தையும், புனித லூசியா பேராலயச் சுற்றாடலில் ஒலித்த தமிழ்க் கிறிஸ்தவப் பாடல்களையும், விவேகானந்த சபை மண்டபத்துச் சொற்பொழிவையும் பதிந்து வைக்க எந்தக் கம்பனி வந்தது? பதிந்தவை இருப்பின், அவை மடியில் ஒரு ரேப் றெக்கோடரை வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருந்த சாதாரண இரசிகனின் பதிவுகளே.

இவற்றுடன் குரற்கடிதங்களையும் சேர்த்தெண்ண வேண்டும். தொலைபேசிக் கட்டணம் எட்டாத உயரத்தில் இருந்த காலத்திலே வெளிநாடு சென்ற பிள்ளைக்குத் தாய் கசற்றில் பேசி அனுப்பினாள், பிள்ளையும் அவ்வாறே பதில் அனுப்பினான். புலப்பெயர்வு பற்றி ஆய்வு செய்வோருக்கு இவற்றினும் நேரடியான மூலாதாரம் கிடைப்பது அரிது.

இத்தொகுதி ஏற்கெனவே பெரிதும் குறைந்துவிட்டது என்பதையும் மறத்தலாகாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை உலகம் அறியும். 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் எரிந்தபோது அவற்றினுள் எரிந்த இசைத்தட்டுகளையும் நாடாக்களையும் எவரும் பட்டியலிடவில்லை. பின்வந்த போர்க்காலத்திலே சோதனைக்கு அஞ்சிய குடும்பங்கள் கடிதங்களையும் படங்களையும் நாடாக்களையும் தாமே அழித்தன. நெருப்புக்கும் அச்சத்துக்கும் தப்பியவை சொற்பம். அச்சொற்பமும் அசட்டையினால் அழியுமாயின் பழியைப் பிறர்மேற் போட இயலாது.

"எல்லாம் இணையத்தில் இருக்கிறது"

இந்த வாதத்தை முன்வைப்போர் ஓர் எளிய வினாவுக்கு விடையளிக்கட்டும். யூரியூபில் இன்று கேட்கப்படும் பழைய இலங்கை வானொலி நிகழ்ச்சிகள் எங்கிருந்து வந்தன? யாரோ ஒரு நேயர் வானொலியின் முன்னே ஒலிவாங்கியைப் பிடித்துப் பதிந்தார். இருபது முப்பது ஆண்டுகள் அதைப் பேணினார். பின்னர் இயங்கும் கருவியொன்றிலே அதை ஓட்டிக் கணினிக்கு மாற்றினார். இந்த மூன்று செயல்களுள் ஒன்று தவறியிருந்தாலும் இன்று இணையத்தில் ஏதும் இராது. கிணற்றைத் தூர்த்துவிட்டு, குடத்தில்தான் தண்ணீர் இருக்கிறதே என்பார் கூற்றை இது ஒத்தது.

இதற்கு அந்நிய நாட்டுச் சான்றும் உண்டு. செல்வ வளம் மிக்க பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமே 1960களிலும் 1970களிலும் பல நிகழ்ச்சிகளின் நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. "டொக்டர் ஹூ" என்னும் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரின் பல அங்கங்கள் அவ்வாறு மறைந்தன. அவற்றின் படம் இல்லாதொழிந்தது. ஒலி மட்டும் எஞ்சியது. அந்நாளிலே வீட்டில் இருந்தபடி ஒலிநாடாவில் பதிந்து வைத்த இரசிகர்களே அதைக் காத்தனர். பி.பி.சி.யின் களஞ்சியம் கைவிட்டதை வீட்டு அலுமாரி காத்தது என்றால், கொழும்பு வீடொன்றின் அலுமாரியை அலட்சியம் செய்ய எவருக்கு உரிமை உண்டு?

2005 முதல் ஈழத்து எழுத்தாவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலக நிறுவனத்தின் பணி போற்றத்தக்கது. ஆனால் எந்த நிறுவனமும் தனக்கு வந்து சேர்ந்ததைத்தான் பேண முடியும். குப்பைக்குப் போனதை எவராலும் வருட முடியாது. அவுஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் 2015 இல் விடுத்த எச்சரிக்கையில், காந்த நாடாக்களை மீட்பதற்கான காலக்கெடுவாக 2025 ஆம் ஆண்டைக் குறித்தது. நாடா சிதைவது ஒரு காரணம். ஓட்டும் கருவியும் உதிரிப்பாகமும் இயக்கத் தெரிந்தவரும் அருகிப்போவது மற்றைக் காரணம். அக்காலக்கெடு எட்டப்பட்டுவிட்டது.

அலங்காரமாகும் இசைத்தட்டு

எறிபவர் ஒருபுறமிருக்க, மறுபுறம் புதிய வகை இரசிகர் ஒருவர் தோன்றியுள்ளார். மேலைநாடுகளிலே இசைத்தட்டு மறுபடி விலைபோகின்றது. 2022 இல் அமெரிக்காவில் விற்பனையான வினைல் தட்டுகளின் எண்ணிக்கை 1987 க்குப் பின் முதன்முறையாக இறுவட்டுகளின் எண்ணிக்கையை மிஞ்சியது. அவ்வலை கொழும்பையும் தொட்டுள்ளது. ஆனால் இங்கு அது வந்து சேர்ந்த வடிவம் நகைப்புக்கிடமானது. கிராமபோன் ஊதுகுழல் உணவகத்தின் மூலையில் பூச்சாடிக்குத் துணையாக நிற்கின்றது. தட்டுகள் சுவரில் ஆணியடிக்கப்படுகின்றன. சில, சூடாக்கி வளைக்கப்பட்டுக் கிண்ணங்களாகின்றன, வேறு சில முள் பொருத்தப்பட்டுக் கடிகாரங்களாகின்றன. பாட்டைக் கொன்று தட்டைப் பாடம்பண்ணும் இச்செயலுக்குப் "பழமை மீது காதல்" என்று பெயர்.

கேட்பதற்கென வாங்குவோரிலும் பலர் கருவியை அறிந்து வாங்குவதில்லை. கைப்பெட்டி வடிவில் விற்கப்படும் மலிவுக் கருவிகள் பலவற்றிலே ஊசி தட்டின்மீது அழுத்தும் பளு, நல்ல கருவியொன்றில் இருக்கவேண்டிய ஏறத்தாழ 2 கிராமின் இரு மடங்கையும் தாண்டுகின்றது. அப்பளு தவாளிப்பை அராவும். நிமிடத்துக்கு 78 தரம் சுழலும் பழைய தட்டின் தவாளிப்பு அகன்றது. நீண்டநேரத் தட்டுக்குரிய நுண்ணிய ஊசி அதன் அடியில் உராய்ந்து இரைச்சலையே தரும். 78 சுற்றுத் தட்டுகள் பெரும்பாலும் அரக்குக் கலவையால் ஆனவை. வினைல் தட்டைத் துடைக்கும் அற்ககோல் கலந்த திரவத்தால் அவற்றைத் துடைத்தால் மேற்பரப்பே கரையும். இவ்வளவும் அறியாத அன்பு, எறிபவரின் அசட்டையிலும் கூடுதலான கேட்டையே விளைக்கும்.

ஒரு மயக்கத்தையும் இங்கு களைதல் வேண்டும். பழைய கருவியின் ஒலி புதியதனினும் உயர்ந்தது எனச் சிலர் சாதிப்பர். கசற்றைப் பொறுத்தவரை இது உண்மையன்று. 3.81 மில்லிமீற்றர் அகலமான நாடா வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஊர்ந்து தரும் ஒலியில் இரைச்சலும் உண்டு, வேகத் தடுமாற்றமும் உண்டு. இறுவட்டு இவ்விரண்டிலும் மேலானது. கசற்றின் பெறுமதி அதன் ஒலித்தரத்திலன்று, வேறெங்கும் இல்லாத உள்ளடக்கத்திலேயே தங்கியுள்ளது.

வர்க்கம் பற்றிய ஆட்சேபம்

"இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு. வாழ்க்கைச் செலவு விண்ணைத் தொடும் நாட்டிலே இதற்கெல்லாம் நேரமும் பணமும் ஏது?" என முற்போக்காளர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானது. விடை வரலாற்றில் உள்ளது. கிராமபோன் காலத்திலே இசையைச் சொந்தமாக்கிக்கொள்ளல் பெருவீட்டாரின் உரிமையாயிருந்தது உண்மையே. அந்த உரிமையை உடைத்தவை ட்ரான்சிஸ்டர் வானொலியும், பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்திய கசற்றுமாகும். பெருங் கம்பனிகளின் ஏகபோகத்தைக் கசற் எவ்வாறு தகர்த்து, சிறு உற்பத்தியாளருக்கும் வட்டார இசைக்கும் வழிதிறந்தது என்பதை வட இந்தியாவை முன்வைத்துப் பீற்றர் மனுவேல் 1993 இல் வெளியிட்ட நூல் விளக்குகின்றது. ஈழத்துத் தமிழ் நகரங்களின் றெக்கோடிங் பார்களிலே வெற்றுக் கசற்றையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து வாங்கிச் சென்றவர்கள் செல்வந்தர் அல்லர்.

இன்னும் வலுவான சான்று யாழ்ப்பாணத்தில் உண்டு. 1990 இன் பின்னர் குடாநாடு மின்சாரம் இழந்தது. பொருளாதாரத் தடையினால் பற்றரியும் கிடைக்கவில்லை. அந்நிலையிலே மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தால் வானொலியும் பாட்டும் கேட்டனர். ஒருவர் சுற்றக் குடும்பம் கேட்டது, கை சோர்ந்தால் பாட்டும் சோர்ந்தது. பழைய கருவியைத் தம் உழைப்பினால் உயிர்ப்பித்த அம்மக்களுட் பலர் பின்னர் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடம்பெயர்ந்து வந்தனர். அவர்களது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருக்கின்றனர். இது சீமான்களின் பொழுதுபோக்கு என்று அவர்களிடம் சொல்வது வரலாற்றை அறியாமையாகும்.

2022 ஆம் ஆண்டின் நெருக்கடியும் ஒரு பாடம் புகட்டியது. அந்நியச் செலாவணி வற்றி இறக்குமதிகள் முடங்கின. ஒருகட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் துண்டிக்கப்பட்டது. புதியதை வாங்கி எறியும் வாழ்க்கைமுறை இந்நாட்டின் கையிருப்புக்கு ஏற்றதன்று என்பது அன்று வெளிப்படையாயிற்று. திருத்திப் பாவிக்கும் பண்பு வறுமையின் அடையாளமென எள்ளப்பட்டு வந்தது. உண்மையில் அது வாங்குவோனை வெறும் நுகர்வோனாக ஆக்கும் சந்தைக்கு எதிரான ஒரு சிறு சுதந்திரமாகும்.

பாவனையே பேணல்

நாடாக்களை ஒருமுறை கணினிக்கு மாற்றிவிட்டுக் கருவியை மூலையில் வைக்கலாகாதா என்பது இறுதி வினா. வைக்கலாகாது. ஓடாத கருவியிலே இரப்பர் பெல்ற் தளர்ந்து பிசினாகும், நாடாவை அழுத்தி இழுக்கும் உருளை இறுகிப் பள்ளம் விழும், மசகு உலரும். சுற்றப்படாத நாடாவில் ஈரப்பதனால் பூஞ்சணம் படரும். வெள்ளவத்தையிலே கடலுக்கும் காலி வீதிக்கும் இடைப்பட்ட வீடுகளில் உப்புக் காற்று உலோகப் பாகங்களையும் விட்டுவைப்பதில்லை. மாதம் ஒருமுறையேனும் ஓடும் கருவி, ஆண்டுக்கணக்கில் உறங்கும் கருவியினும் நெடிது வாழும்.

பேணும் முறையோ எளியது. "ஹெட்" எனப்படும் ஒலித்தலையையும் உருளையையும் பஞ்சு முனையில் ஐசோபுரோப்பைல் அற்ககோல் தோய்த்துத் துடைத்தல் (இரப்பரில் மிகச் சிறிதளவே பட வேண்டும்), கசற்றின் விளிம்பிலுள்ள சிறு தகட்டை உடைத்து மேற்பதிவைத் தடுத்தல், ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு அருகே நாடாவை வையாதிருத்தல், தட்டுகளை அடுக்கிப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்தல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தைப் பெட்டியில் இடல் என்பன ஒரு பாடசாலை மாணவனும் செய்யக்கூடியவை. இவற்றுக்கு அப்பால் திருத்துநர் தேவைப்படுவார். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் மின்னணுக் கடைகளிடையே அலைபவருக்குத் தெரியும், புதிய கருவி விற்பவர் எத்தனை பேர், பழையதைத் திறந்து பார்க்கச் சம்மதிப்பவர் எத்தனை பேர் என்பது. ஆண்டுக்கு ஒரு வாடிக்கையாளரை நம்பி எந்தத் திருத்துநரும் வாழ முடியாது. அன்றாடப் பாவனை இல்லாத இடத்தில் திருத்துநர் இல்லை. திருத்துநர் இல்லாத இடத்தில் கருவி இல்லை. கருவி இல்லாத இடத்தில் நாடா வெறும் பிளாஸ்டிக்.

செய்ய வேண்டியவை

பழியுரைப்பதோடு அமைவது பயனற்றது. செய்யத்தக்கவை சில உள. முதலாவதாக, ஒவ்வொரு தமிழ் மாணவரும் தம் வீட்டிலும் உறவினர் வீட்டிலும் உள்ள நாடாக்களையும் தட்டுகளையும் பட்டியலிடல் வேண்டும். யார், எங்கே, எந்த ஆண்டு, எச்சந்தர்ப்பத்தில் என்ற நான்கு விவரங்களும் குறிக்கப்படாத ஒலி பாதி ஆவணமே. அவ்விவரங்களை அறிந்த முதியவர் உயிரோடிருக்கையிலேயே கேட்டு எழுதுதல் அவசியம். இரண்டாவதாக, தமிழ்ச் சங்கங்கள் நல்ல கசற் கருவியொன்றையும் தட்டுச் சுழலியொன்றையும் இயங்கு நிலையில் வைத்து, மாதம் ஒரு கேட்டல் அமர்வு நடத்துதல் தகும். 1942 இல் நிறுவப்பட்டு வெள்ளவத்தையில் நூலகத்தோடு இயங்கிவரும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளின் வாசிப்பு மேசைக்கு அருகே ஒரு கேட்டல் மேசையும் இருப்பது இயல்பான வளர்ச்சியேயாகும். மூன்றாவதாக, முதிய திருத்துநரிடம் மாணவர் சிலரேனும் அமர்ந்து தொழில் கற்க வேண்டும். ஒவ்வொரு நாடாவுக்கும் ஏற்ப ஒலித்தலையின் சாய்வைத் திருத்தி முழு ஒலியையும் வெளிக்கொணரும் கை நுட்பம் எந்தப் பாடநூலாலும் முழுதாகக் கற்பிக்கப்படுவதன்று. கலைப்பீட மாணவர் திருப்புளி பிடித்தால் பட்டத்தின் மதிப்புக் குறையும் என எண்ணுவோர், ஏடு தேடி ஊரூராய் அலைந்தவர்களின் கால் புழுதியை எண்ணிப் பார்ப்பார்களாக.

தமிழ்த்துறைகளும் இதிற் பொறுப்பேற்க வேண்டும். வானொலி நாடகத்தை எழுத்துப் பிரதியிலிருந்து மட்டும் ஆராய்ந்து பட்டம் பெறலாம் என்ற நிலை மாறி, ஒலியைக் கேட்டு ஆராய்தல் கட்டாயமாகும் நாளிலேயே நாடாக்களுக்கு ஆவண மதிப்புப் பிறக்கும். ஆய்வாளன் தேடாத பொருளைச் சமூகம் சேமிப்பதில்லை.

ஆற்றில் விடப்பட்ட ஏடுகளுக்காக ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்ப் பேராசிரியர்கள் இரங்கி வருகின்றனர். அந்த இரக்கம் உண்மையானதென்றால், அதை மெய்ப்பிக்க இன்று வாய்ப்பு உண்டு. வெள்ளவத்தை ஒழுங்கையொன்றிலே அடுத்த வாரம் இடிபடவிருக்கும் வீட்டின் அலுமாரி அடித்தட்டு இன்னும் திறக்கப்படாமல் இருக்கின்றது. சாக்கு வருவதற்கு முன் அங்கே ஒரு மாணவன் போய்ச் சேர வேண்டும்.